பேஸ் இருக்கு, பேச்சு இல்ல

சித்தப்பா,

கூடத்தில் நெல் மூட்டைகளை அடுக்கியாயிற்று. புதுச் சாக்கு வாசனையும் நெல்லின் சுணையும் மூக்கில் ஏற, தும்மிக்கொண்டேதான் டி.வி.யைப் போட்டேன். செய்தி வாசிப்பவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. நம் ஸ்பீக்கரில்தான், சித்தப்பா. அந்தக் குண்டுப் பெட்டியில். கையில் ரிமோட்டோடு அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

வெளிநாட்டில் கம்ப்ரசர் அறை இரைச்சலில் அத்தனை வருஷம் நின்றுவிட்டு நீங்கள் கொண்டுவந்தது இரண்டு. கெட்டுப்போன கிட்னியும், பாதி போன காதும். இடது காது சுத்தம். வலது ஏதோ கொஞ்சம். காதுக் கருவி வாங்கித் தந்தோம். தலைக்குள் வண்டு பறக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டீர்கள். தியேட்டருக்குப் போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. சரி, தியேட்டர் வீட்டுக்கு வரட்டும் என்று முடிவானது.

“வீடு அதிரணும்னுல்லாம் இல்ல பாப்பா. யாரு என்ன பேசுறான்னு கேக்கணும். அவ்ளோதான்.”

தஞ்சாவூரில் கடை வைத்திருக்கும் உங்கள் பள்ளிக்கூடச் சிநேகிதர் இரண்டு ஜோடியைக் கொடுத்து, வீட்டில் போட்டுப் பார்த்து ஒன்றைத் திருப்பித் தரச் சொன்னார். விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்றதும் அம்மா என்னைப் பார்த்தார்.

“இவ புக்கைத் தொட்டே வருஷமாச்சு. ஷெல்ஃபுக்கு எங்க போறது?”

“நெல்லு ஷெல்ஃப் இருக்குல்ல அண்ணி!” என்றீர்கள்.

அப்படித்தான் இரண்டு ஜோடியும் மூட்டை அடுக்கின்மேல் ஏறின. சின்னதுக்கு ஒல்லி என்றும், பெரிய மரப்பெட்டிக்குக் குண்டு என்றும் பெயர் வைத்தது நான்தான். குண்டுக்கு முதுகில் காற்றுப் போக ஒரு ஓட்டை இருந்தது. நான் இரண்டையும் துண்டு போட்டு மூடி, ஒயரை மாற்றி மாற்றிச் சொருகி, எது ஓடுகிறது என்று கேட்டேன். ஒல்லி ஜலதோஷம் பிடித்த வாத்தியார் மாதிரி இழுத்தது. குண்டோ கணீரென்று பேசியது. ஒவ்வொரு தடவையும் நீங்கள் குண்டைத்தான் கை காட்டினீர்கள். “ஒல்லியோட ஒலி ஒல்லி” என்று நான் தீர்ப்பு எழுத, ஒல்லி கடைக்குத் திரும்பிப் போய் யார் வீட்டுக்கோ விலைபோனது.

பிறகு சம்பா நெல் விற்றது. லாரி வந்து மூட்டைகளை ஏற்றிப் போனது. வெறும் கூடத்தில், சுவரோரப் பெஞ்சில் குண்டை வைத்துப் படம் போட்டோம். சுவர்களெல்லாம் சேர்ந்து பேசின. கதாநாயகன் அவன் அம்மாவிடம் என்ன சொன்னான் என்று எனக்கே விளங்கவில்லை. அதுநாள்வரை குண்டின் கொழுப்பை, அந்த ‘தும் தும்’ பேஸை, தின்று அதை அடக்கி வைத்திருந்தது மூட்டைகள்தான். நாம் நெல்லோடு சேர்த்து ஸ்பீக்கர் வாங்கி, நெல்லை மட்டும் விற்றுவிட்டிருக்கிறோம்.

நீங்கள் “நல்லா இருக்கு” என்றீர்கள். நான் சிரித்த இடத்திலெல்லாம் சிரித்தீர்கள். ஆனால் உங்கள் சிரிப்பு என்னுடையதற்குக் கொஞ்சம் பின்னால் வந்தது.

ஒருநாள், நான் ஏற்கெனவே பார்த்த படம். திரையில் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் தன் பிள்ளை செத்துப்போனதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வேண்டுமென்றே ஹாஹா என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு நீங்களும் சிரித்தீர்கள்.

உங்கள் வலது காதருகே போய்ச் சொன்னேன். “சித்தப்பா, அந்தாளோட புள்ள செத்துப்போச்சு.”

டி.வி.யை நிறுத்தினீர்கள். “பேஸ் இருக்கு பாப்பா. பேச்சு இல்ல.” ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு நீங்களே சொன்னீர்கள். “டயாலிசிஸ் கேட்டா குடுக்கிறாங்க. டயலாக்தான் கேக்க மாட்டேங்குது.”

இந்த வீட்டில் என்னைவிட மோசமாக வார்த்தையில் விளையாட ஆள் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சிரிக்கத்தான் முடியவில்லை.

குண்டின் முதுகு ஓட்டையில் என் ஸ்கூல் சாக்ஸைச் சுருட்டி அடைத்தேன். “உசிரோட இருக்கிறதுக்கே மூக்குல பஞ்சு வைக்கிறியே வாலு!” என்றீர்கள். இரைச்சல் கொஞ்சம் அடங்கியது. உங்கள் காதுக்கு அது போதவில்லை. அதனால் நாற்காலியின் வலப்பக்கம் நான் உட்கார்ந்து, பேச்சையெல்லாம் திருப்பிச் சொன்னேன். உள்ளபடி சொன்னால் நான் எதற்கு? வில்லன் அப்பாவின் டிராக்டரைக் கேட்டான். கதாநாயகி அம்மாவின் சாம்பாரைக் குறை சொன்னாள். அப்போதெல்லாம் நீங்கள் எனக்கு முன்னாலேயே சிரித்தீர்கள்.

வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த வாரத்தில் உங்களை அதே கூடத்தில் கிடத்தினார்கள். மூக்கில் பஞ்சு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா முந்தானையால் என் வாயை அடைத்தார். காலிக் கூடத்தில் அழுகை சுவருக்குச் சுவர் மோதி, யார் என்ன சொல்லி அழுகிறார்கள் என்று ஒரு சொல்கூடப் புரியவில்லை. உங்களுக்கும் கேட்டிருக்காது. குனிந்து வலது காதில் சொன்னேன். “பெரியத்தை கண்ணுல தண்ணியே இல்லாம அழுவுது சித்தப்பா. அப்பா ஒண்ணும் பேசல. உங்க சட்டையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு.” யாரோ என்னைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

இன்றைக்கு சாக்ஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குண்டை மூட்டைமேல் ஏற்றினேன். நீங்கள் கேட்டது இவ்வளவுதான். யார் என்ன பேசுகிறார்கள் என்று சுத்தமாகக் கேட்கிறது. லாரி வருகிறவரை கேட்கும். என் வாய்தான் இன்னும் சும்மா இருப்பதில்லை. வகுப்பில், பஸ்ஸில், யார் என்ன சொன்னாலும் இடப்பக்கம் சாய்ந்து ஒருமுறை முணுமுணுத்துக்கொள்கிறது.

நாளை மழை என்றார் செய்தி வாசிப்பவர்.

“உங்க வழுக்கைக்கு நாளைக்குக் குடை வேணுமாம் சித்தப்பா” என்று நாற்காலிப் பக்கம் சாய்ந்து சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

எதிரொலிகூட இல்லை. மூட்டைகள் அதையும் தின்றுவிட்டன.