மணி அடிக்கும்வரை பேச்சு

அன்புள்ள உங்களுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி அடங்கியதா, இல்லை இன்னும் மாடிப்படியை முறைத்துக்கொண்டுதான் நிற்கிறீர்களா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

போன வாரம் எங்கள் லிஃப்ட் கம்பெனி சார்பில் என்னை ஒரு வியாபாரிகள் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் மைக்கில் பேசிவிட்டு, விசிட்டிங் கார்டு கொடுத்து வாங்க வேண்டும். பாதி சொல்வதற்குள் மணி அடித்துவிட்டார்கள். ஆனாலும் ஒரே கைதட்டல்! ஹோட்டல் முதலாளி ஒருவர் தேடி வந்து, "பிரமாதமா பேசினீங்க மேடம். எப்ப வேணா ஆபீசுக்கு வாங்க, நிறைய பேசணும்" என்றார்.

மறுநாளே போய் நின்றேன். ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். என் கார்டு அவர் மேசையிலேயே, காபிக் கோப்பைக்கு அடியில் இருந்தது.

மேனேஜரிடம் சொன்னால், "அதெல்லாம் சும்மா சொல்றதும்மா. நெஜமாவே போயிட்டீங்களா?" என்று சிரிக்கிறார். சும்மா சொல்லவா அத்தனை பேர் கூடினார்கள்? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நானும் நாலைந்து பேரை "வாங்க" என்று நிஜமாகத்தான் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை.

அடுத்த கூட்டத்திலும் நான்தான் பேச வேண்டுமாம். பீரோவில் இருக்கும் நீலச் சுடிதாரை அனுப்புங்கள். இல்லை, வேண்டாம், போன தடவை போட்டதையே போட்டால்தான் அடையாளம் தெரியுமோ என்னவோ.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் உங்களிடம் ஒருமுறை பேசிக்காட்டுகிறேன். நிமிடம் முடிந்தாலும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

உங்கள்
வீட்டுக்காரி