சாப்பாட்டு பீரியடை விட்டுக்கொடுக்கும் படிவம்

லோரெட்டா,

ஃப்ரிட்ஜ் கதவுல நீ ஒட்டி வச்ச ஸ்கூல் படிவத்தைப் பார்த்தேன். நம்ம பொண்ணு கோரா மதியம் சாப்பிடுற பீரியடை விட்டுட்டு, ஆறாவதா இன்னொரு கஷ்டமான பாடம் எடுக்கணுமாம். பெரிய காலேஜுக்கு அதுதான் சமச்சீரான பாடத்திட்டம்னு நீ புடிச்ச அட்மிஷன் ஆலோசகர் நம்ம வீட்டுல உக்காந்து சொன்னாரு. சொல்லிக்கிட்டே அந்த ஆளு நம்ம லசான்யாவை ரெண்டு தட்டு காலி பண்ணினாரே, தூ! நான் கையெழுத்துப் போடல.

மிச்ச லசான்யா ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல இருக்கு. கோரா வந்ததும் சூடு பண்ணிக் கொடு. பக்கத்துல உக்காந்து சாப்பிட வை.

வெண்டல்

எழுதி முடிச்சப்புறம் கோராவோட ஸ்கூல் பையைத் துவைக்க எடுத்தேன். அடியில நான் கட்டிக் கொடுத்த சாண்ட்விச் நாலு, காகிதம்கூடப் பிரிக்காம, பூஞ்சை பிடிச்சுக் கிடக்கு. நம்ம கையெழுத்துக்கெல்லாம் அவ காத்திருக்கல, லோரெட்டா.