கரும்பலகையில் உன் பத்து நிமிடம்

அன்பு மகன் ஷாநவாஸுக்கு அத்தாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், என் மூட்டுவலியும் சுகமாகக் கூடவே இருக்கிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க துஆ செய்கிறோம். இதைப் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நீ பேசுகிற நேரத்துக்குள் என் மூட்டுவலியைக்கூடச் சொல்லி முடிக்க முடியாது, அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

உன் அம்மாவிடம் படிக்கிற ப்ளஸ் டூ பிள்ளைகள் இந்த நுண்கணிதம் எதுக்கு டீச்சர் என்று கேட்டாலும் கேட்டார்கள், அன்றிலிருந்து மாறுகிற எதையும் அவள் அளக்காமல் விட்டுவைக்கவில்லை. உசிலம்பட்டி கல்யாணத்துக்குப் போன பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் நின்று நிமிடத்துக்கு நிமிடம் வேகத்தைக் குறித்தாள், என்னம்மா செக்கிங்கா என்று அவர் பயந்துவிட்டார். டீ எப்படி ஆறுகிறது என்று பார்க்க என் டம்ளரில் தெர்மாமீட்டரை விட்டுக்கொண்டே இருக்கிறாள், மூன்று வாரமாக நான் சூடாக ஒரு வாய் டீ குடிக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. போன வாரம், வெளிநாட்டில் இருக்கும் ஒரு மகன் வாரம் எத்தனை நிமிடம் வீட்டுக்குப் பேசுகிறான் என்று கணக்குக் கொடுத்திருக்கிறாள். முதல் வருடம் நாற்பது, மறுவருடம் இருபது, இந்த வருடம் பத்து. பெயர் சொல்லவில்லையாம், ஆனால் மதிய மணி அடிப்பதற்குள் அது நீதான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த வருடம் ஐந்து என்று வகுப்பே சரியாகப் போட்டுவிட்டது. கரும்பலகையில் வரைந்த கோடு இறங்கிக்கொண்டே போகும், பூஜ்ஜியத்தை மட்டும் தொடாது என்று என்னிடம் ஆறுதல் போலச் சொன்னவள், அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. எனக்கு மனசே சரியில்லை. வகுப்பில் ஆஷிகா என்ற பிள்ளை மட்டும் எழுந்து, அந்த அண்ணே ஒருநாள் ஒரு மணி நேரம் பேசிட்டா நாங்க போட்டது அம்புட்டும் தப்பாயிருமே டீச்சர் என்று கேட்டதாம். தப்பாயிட்டா எல்லாருக்கும் பிரியாணி போடுறேன் என்றாளாம் இவள்.

தொழுகையை விடாதே, குளிரில் வெறுந்தலையோடு அலையாதே. அல்லாஹ் உனக்கு பரக்கத் தரட்டும். திங்கட்கிழமை முதல் பீரியடில் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் உன் இந்த வாரப் புள்ளியை வைக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. சீரகச் சம்பா அரிசி வாங்கி வைத்துவிட்டேன்.

ஆறின டீயோடு,
உன் அத்தா
நூருல் அமீன்