இரண்டாம் குரல்

போர்ட் மரியா, ஜமைக்கா
19 அக்டோபர் 2004

அன்புள்ள லர்லினுக்கு,

இசில்டா எழுதுகிறேன். இருபத்தேழு வருஷம் கழித்து என்னிடமிருந்து கடிதம் என்றால் என்ன சேதியாக இருக்கும் என்று உறையைப் பிரிக்கும் முன்பே உனக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்பர்ட் போய்விட்டான். செப்டம்பர் இரண்டாம் தேதி, வியாழக்கிழமை காலை. சர்க்கரை முதலில் அவனுடைய வலது காலை வாங்கியது, பிறகு பார்வையை, கடைசியில் சிறுநீரகத்தை. கஷ்டப்படவில்லை என்று நர்ஸ் சொன்னாள். நர்ஸ்கள் அப்படித்தான் சொல்வார்கள், நீயே நர்ஸ், உனக்குத் தெரியாததா.

உடனே எழுதாததற்குப் புயலைக் காரணம் சொல்லலாம். அவன் போன எட்டாம் நாள் வந்தது. என் கூரையில் நாலு தகரம் பறந்துபோய்விட்டது. சீமைப்பலா மரம் வேரோடு சாய்ந்து கோழிக்கூண்டின் மேல் விழுந்தது. பல நாள் கரண்ட் இல்லை, தபாலும் இல்லை. ஆனால் தபால் மறுபடி ஓட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. எழுத உட்காருவதும் எழுந்துபோவதுமாக இருந்தேன்.

புயலால் தள்ளிப்போன அடக்கம் இருபத்தைந்தாம் தேதி நடந்தது. சின்ன வயதில் நாம் மூன்று பேரும் பாடிய அதே தேவாலயம்தான். கூரையில் பாதி இல்லை, பெட்டியின் மேல் நேராக வெயில் விழுந்தது. அவனுடைய பாட்டைப் பாட வேண்டும் என்று கூட்டம் கேட்டது. நடன அரங்குப் பாட்டெல்லாம் ஆண்டவர் சந்நிதியில் கூடாது என்று போதகர் டேக்கர்ஸ் மறுத்தார். மீன் விற்கும் மிஸ் அய்வி எழுந்து நின்றாள். "பாஸ்டர், உங்க கல்யாணத்துல எந்தப் பாட்டுக்கு நீங்க ஆடுனீங்கன்னு எனக்குத் தெரியும். ஊருக்கும் சொல்லட்டுமா?" என்றாள். துக்க வீட்டுக் கூட்டம் சிரித்துவிட்டது. ஒரே ஒரு சரணம் என்று அவர் இறங்கி வந்தார்.

'ஞாயிறு வரை இரு' பாட்டுதான், வேறெது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மைக் இல்லை, ஆர்கன் இல்லை. எழுந்து வாயைத் திறந்தேன். வந்தது மெட்டு இல்லை, அதற்குத் துணையாக அடியில் ஓடும் இரண்டாம் குரல். முப்பது வருஷம் அவனுக்குப் பின்னால் நின்று நான் பாடியது அதைத்தானே. மெட்டு மனசுக்குத் தெரிகிறது, தொண்டைக்குத் தெரியவில்லை. மெட்டு இல்லாமல் இரண்டாம் குரலைத் தனியாகக் கேட்டிருக்கிறாயா? ஆளில்லாத வீட்டில் யாருக்கோ பதில் சொல்வது போல இருந்தது. நிறுத்திவிடலாம் என்று நினைத்தபோது மிஸ் அய்வி மெட்டைப் பிடித்தாள். பிறகு அவளுடைய வரிசை, பிறகு வெளியே நின்ற டாக்சிக்காரர்கள்வரை எல்லோரும். ஒரு சரணம் என்றது முழுப் பாட்டாயிற்று. உன்னுடைய மூன்றாம் குரல் மட்டும் அங்கே யாருக்கும் தெரியவில்லை. அந்த இடம் காலியாகவே போனது.

அதற்கடுத்த வாரம் கிங்ஸ்டனிலிருந்து வானொலிக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். பாடகர் ஆஸ்பர்ட் லம்ஸ்டனின் வாழ்க்கையைப் பற்றி ஒரு மணி நேர நிகழ்ச்சியாம். நீங்கள் அவருக்கு யார் என்று கேட்டாள். பின்னால் பாடியவள் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டாள்.

அவளிடம் நிறையச் சொன்னேன். பஸ் டிரைவரின் மகன், படிப்பு ஏறவில்லை, குரல் மட்டும் இருந்தது என்றேன். ரெகே பாட்டு என்றாலே நெருப்பாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்த காலத்தில் இவன் காதலையே பாடினான் என்றேன். "ஊரே எரியுது, இவன் பொண்ணுக்குக் குடை பிடிக்கிறான்" என்று மற்ற பாடகர்கள் கேலி செய்ததைச் சொன்னேன். எழுபத்தாறில் அந்த சினிமாக் கொட்டகைக் கச்சேரி நினைவிருக்கிறதா? சனிக்கிழமை மத்தியானம், வெளியே கட்சிச் சண்டை, துப்பாக்கிச் சத்தம், ஜனங்கள் நாற்காலிகளுக்கு இடையில் குப்புறப் படுத்துவிட்டார்கள். அவனும் மேடையில் குப்புறப் படுத்தான், ஆனால் மைக்கை விடவில்லை. முக்கால் மணி நேரம் படுத்தபடியே பாடினான். நீயும் நானும் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு சேர்ந்து பாடினோம். அன்று அங்கே இருந்தவர்கள் இன்றைக்கும் சந்தையில் என்னை நிறுத்திக் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். 

நீ போன பிறகு புதுப் பாட்டு எதுவும் சரியாக அமையவில்லை. ஓச்சோ ரியோஸ் கடற்கரை ஓட்டல்களில், சாப்பிடுகிற வெள்ளைக்காரர்களுக்கு எதிரே, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பதினெட்டு வருஷம் பாடினான். பின்னால் நான் ஒருத்தி. ஒருநாள் ஒருவர் கொஞ்சம் மெதுவாகப் பாடச் சொன்னார், அவர்களுக்குப் பேச்சு கேட்கவில்லையாம். அவன் மெதுவாகப் பாடினான்.

இவ்வளவும் அவளிடம் சொன்னேன். சொல்லாதது இரண்டு. அவை உனக்குரியவை.

ஒன்று, விமான நிலையம். நர்ஸ் படிப்புக்கு இங்கிலாந்தில், லீட்ஸில் இடம் கிடைத்ததும் நீ அவனிடம், போகவா வேண்டாமா என்று மூன்று தடவை கேட்டாய். அவன் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றானே தவிர பதில் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னான். "இசி, 'இரு'ன்னு பாட்டுல ஆயிரம் தடவ சொல்லிட்டேன். வாயால ஒரு தடவ வரல." அதன் பிறகு வேறு எந்தப் பெண்ணையும் அவன் வீட்டுக்குக் கூட்டி வரவில்லை.

இரண்டாவதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. பார்வை போன பிறகு தினமும் காலையில் நான்தான் அவனுக்கு வாழைக்காய்க் கஞ்சி எடுத்துப்போவேன். பிப்ரவரியில் ஒருநாள், லர்லினுக்கு ஒரு கடிதம் எழுது, வரச் சொல் என்றான். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். உன் முகவரி என்னிடம் எப்போதுமே இருந்தது. தபாலில் போட்டுவிட்டதாகச் சொன்னேன். போடவில்லை.

நீ வந்தால் அந்தக் கஞ்சிக் கிண்ணத்தை என் கையிலிருந்து நீ வாங்கிக்கொள்வாய் என்று தோன்றியது. வேறு காரணம் என்னிடம் இல்லை.

தபால்காரரின் சைக்கிள் சத்தம் கேட்கும் நேரத்துக்கு அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இன்னும் வரவில்லை என்பேன். ஒரு நாளைப் போல நூறு நாள் சொன்னேன். ஜூன் மாதம் அவனாகவே கேட்பதை விட்டுவிட்டான். "அவ கோவம் நியாயம்தான். நீ வருத்தப்படாத, இசி" என்று எனக்கு ஆறுதல் சொன்னான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நீ பதில் போடவில்லை என்று நம்பிக்கொண்டேதான் அவன் போனான்.

அவன் சொல்லி நான் எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. இதைப் படித்த பிறகு நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கமாட்டேன். நீ எனக்குப் பதில் எழுதாமல் இருந்தால் அதுவும் சரிதான்.

ஆனால் ஒரு விஷயத்துக்கு மட்டும் உன் சொல் வேண்டும். கல்லறைக்குக் கல் வெட்டுகிறார்கள். பெயர், பிறந்த நாள், இறந்த நாள் எல்லாம் கொடுத்துவிட்டேன். 'இன்னாரின் அன்புக்குரியவர்' என்று அடியில் ஒரு வரி போடுவது வழக்கம், யார் பெயரைப் போட என்று கல்வெட்டுகிறவர் கேட்டார். சொல்லிக்கொள்ள அவனுக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முன் வெட்டி முடித்துவிடுவார். வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதிப் போடு. கல்லின் அடியில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடச் சொல்கிறேன். வேறு பெயர் எதுவும் அங்கே வராது.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. என்னைப் பற்றி அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இசில்டா பிரைஸ்