தடைக்காலத்தில் முதலில் போக வேண்டிய வீடு

மிஸ்,

தமிழ்ப் புத்தாண்டுக்கு மறுநாள் காலை, பள்ளி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றும்போது கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் திரையில் உங்கள் பெயர். நீங்கள் தவறிப்போய் நான்கு மாதம் ஆகிறது. கொஞ்சம் நிதானித்த பிறகுதான் புரிந்தது, நம் இரண்டு போனிலும் வருடா வருடம் வரும்படி நீங்கள் போட்டு வைத்த நினைவூட்டல் அது. "தடைக்காலம் ஆரம்பம். அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். முதலில் நிவேதா வீடு."

கடைசி வரியைப் போன வருடம்தான் நீங்கள் சேர்த்திருக்க வேண்டும். என்னிடம் சொல்லவே இல்லை.

பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தும் நாம் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உங்களுக்கு நான் மிஸ், எனக்கு நீங்கள் மிஸ். பிள்ளைகளுக்கு மட்டும் நீங்கள் பெரிய மிஸ். வெளிநாட்டில் நடக்கும் அந்தக் கோடைத் தலைமைப் பயிற்சி முகாமுக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேரை அனுப்பலாம் என்று முதல் கடிதம் வந்தபோது, தலைமை ஆசிரியர் அதை நம் மேசையில் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டார். எனக்கு அது தலைவலியாகத்தான் தெரிந்தது. நீங்களோ உங்கள் ராயபுரத்து வீட்டில் கல்யாணம் வைத்தவர் மாதிரி கிளம்பிவிட்டீர்கள்.

விண்ணப்பத்தில் 'நீங்கள் தலைமை ஏற்ற ஒரு தருணத்தை எழுதுக' என்று இருக்கும். நம் பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு, அப்படி எதுவும் இல்லை மிஸ் என்பார்கள். லீடராகக்கூட இருந்ததில்லை என்பார்கள். நீங்கள் விடமாட்டீர்கள். உங்க தெருவில் தண்ணி லாரி வந்தால் வரிசையை யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். அப்படிக் கேட்டுத்தான் நிவேதா கிடைத்தாள். எண்ணூர் குப்பத்தில் அவள் தெருவில் நடக்க முடியாதவர்கள் வீட்டுக் குடங்களில் சாக்பீஸால் வீட்டு எண் எழுதி, அந்தக் குடங்களை முதலில் நிரப்ப வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே. இதையெல்லாமா எழுதுவது என்று அவள் வெட்கப்பட்டாள். இதைத்தான்டி எழுதணும் என்று நீங்கள் மேசையைத் தட்டினீர்கள்.

அப்பாக்களைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. விசைப்படகில் போகிறவர்களை வீட்டில் பிடிக்கவே முடியாது. அதனால்தான் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலத்து இரண்டு மாதத்தை நீங்கள் நமக்கான சீசன் என்று பிடித்துக்கொண்டீர்கள். வீட்டு விசாரிப்பு, பெற்றோர் கையெழுத்து, விசா நேர்முகம் எல்லாம் அதற்குள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே என் ஸ்கூட்டர் பின்னால், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, குடையை என் முதுகில் குத்திக்கொண்டே வருவீர்கள். பிரேக் போட்டால் மாதாவே என்பீர்கள். நான் ஓட்டுவதில் அவ்வளவு நம்பிக்கை.

நிவேதாவின் அப்பா காசிமேட்டில் ஒரு விசைப்படகில், மீன் விற்ற காசில் பங்குக்குப் போகிறவர். அன்று வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "இன்னா மிஸ், பொட்டப் புள்ளைய கடல் தாண்டி அனுப்பச் சொல்றீங்க" என்றார். நீங்கள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். "நீ தாண்டாத கடலா நைனா. உன் பொண்ணுதானே, தாண்டட்டும்" என்றீர்கள். அவர் சிரித்துவிட்டார். வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பெரிய மிஸ் சொன்னால் சரி என்று ஒரு வார்த்தைதான் சொன்னார்.

விசா ஒத்திகை நினைவிருக்கிறதா? பள்ளியில் பீஸ் கட்டும் கவுண்டரின் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே அதிகாரியாக நான், வெளியே நிவேதா. முறைத்துக்கொண்டு கேள்வி கேட்க என்னைவிட்டால் ஆள் இல்லை என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தீர்கள். அப்பாவுக்கு வருமானம் என்ன என்று கேட்டேன். இப்போ தடைக்காலம், வருமானம் இல்லை என்றாள். வருடத்துக்குச் சராசரியாக ஒரு தொகையை மனப்பாடம் செய்து சொல்லச் சொன்னேன். நீங்கள் குறுக்கே வந்தீர்கள். உள்ளதைச் சொல்லட்டும், செலவெல்லாம் முகாம்காரர்களுடையது, அவர்கள் கடிதம் இருக்கிறது, என்ன பயம் என்றீர்கள். நான் சும்மா இருந்துவிட்டேன். அது பொய்கூட இல்லை மிஸ். கணக்கு. அதை உங்களிடம் அடித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அவள் விசா நேர்முகத்திலும் அப்படியே சொன்னாள். அப்பாவுக்கு என்ன வேலை, மீன் பிடிப்பது. மாதம் என்ன வருமானம், இப்போது ஒன்றும் இல்லை. மூன்றாவது கேள்வியே இல்லையாம். பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்துவிட்டார்கள். என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் நம் மூன்று பேருக்கும் தெரியும். பேருந்து நிறுத்தத்தில் அவள் உங்களைப் பார்த்து, "மிஸ், நான் கரெக்டாதானே சொன்னேன்" என்று கேட்டாள்.

அவளை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். உங்கள் உண்மையை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே, ஒரு பிள்ளை தலையில் ஏன் கட்டினீர்கள் என்றேன். நீங்கள் கோபப்படவில்லை. "பொய் சொல்லிப் போய், அங்க போய் தலைமைப் பண்பு கத்துக்கணுமா மிஸ்" என்று மட்டும் கேட்டீர்கள். நான் வண்டியை இன்னும் வேகமாக விட்டேன். உங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் வழக்கம்போல டிபன் பாக்ஸைத் திறந்து எனக்குப் பாதி வைத்தீர்கள். நான் தின்றேனே தவிர மன்னிப்புக் கேட்கவில்லை.

மருத்துவமனையில் உங்கள் குரல் பாதியாகிவிட்டிருந்தது. கேட்டது ஒன்றே ஒன்று. நிவேதா வருகிற வருடம் போய்விடுவாள் அல்லவா என்று. முகாம் தொடங்கும் நாளில் பதினெட்டு முடிந்திருக்கக் கூடாது என்பது விதி. அவளுக்கு ஜூனில் முடிகிறது, முகாம் ஜூலையில். எனக்கு அது அதற்கு முன்பே தெரியும். முகாம்காரர்களுக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டும் பார்த்தேன், விதி விதிதான் என்று பணிவாகப் பதில் வந்தது. உங்களிடம், கண்டிப்பாகப் போவாள் மிஸ் என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அப்படி ஒரு பொய்யை உங்களிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

நினைவூட்டல் வந்த அன்று சாயங்காலமே எண்ணூர் போனேன். தனியாக. என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் எழுதி வைத்துவிட்டீர்கள், போனேன். நிவேதா கதவைத் திறந்தாள். அப்பா இல்லை. தடைக்காலத்தில் வீட்டில் இல்லாமல் எங்கே போனார் என்று கேட்டதற்கு, அவள் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"மிஸ், அப்பா இப்போ கடலுக்குப் போறதில்ல. காட்டுப்பள்ளி துறைமுகத்தாண்ட கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கினு கீது. மாசச் சம்பளம் இருந்தா எனக்கு விசா தருவாங்கன்னு."

தனக்கு வயது தாண்டிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. நீங்கள் போய்விட்டதையும் சொல்லவில்லை. உங்கள் அடக்கத்துக்கு வந்து, கல்லறைத் தோட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை, வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டு, ஸ்பெஷல் கிளாஸ் என்றிருக்கிறாள். அதற்குள் அவர் படகுப் பங்கை விட்டுவிட்டு வேலையில் சேர்ந்தாகிவிட்டதாம். இருபத்தைந்து வருடம் கடலில் இருந்த மனுஷன், இனி எப்படிச் சொல்வது மிஸ் என்று அவள் கேட்டாள்.

ஆறரை மணிக்கு அவர் வந்தார். பளபளக்கும் பட்டை போட்ட ஆரஞ்சு மேல்சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, காலில் கனத்த பூட்ஸ். பூட்ஸ் கடித்து நடை கோணலாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பெரிய மிஸ் எங்கே என்றார். முட்டி வலி, வெளியே வருவதில்லை என்றேன். நிவேதா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. அலமாரி மேலிருந்து ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்து மூன்று தாள்களை உருவினார். மூன்று மாதச் சம்பளச் சீட்டு. மடிப்புக் கலையாமல் என் கையில் வைத்தார்.

"பெரிய மிஸ்ஸாண்ட குடுத்துடுங்க. இனிமே எனக்குத் தடைக்காலம் இல்லன்னு சொல்லுங்க. பன்னெண்டு மாசமும் சம்பளம். இந்த வாட்டி பாப்பாவ இன்னா கேட்டாலும் உண்மைய சொல்லும்."

வாங்கிக்கொண்டேன் மிஸ். கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். இன்றோடு ஒன்பது நாள், மூன்றும் என் கைப்பையில்தான் இருக்கின்றன.