டோக்கன் கொடுக்காதவள்

மேசைமேல் கைப்பேசி இருக்கிறது. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருக்கிறேன். நீ பார்த்திருந்தால், "இன்னா சார், அதுக்கும் குளிருதா?" என்று கேட்டிருப்பாய். முந்தாநாள் முதல் அது மணியடிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது. ஆனாலும் அதை அணைத்து வைக்கக் கூடாது. நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று உட்கார்ந்தேன். நீ இல்லை என்பது முதல் வரி எழுதும்போதுதான் உறைத்தது. இருந்தாலும் எழுதுகிறேன்.

முந்தாநாள் காலை ஒரு வீடியோ அழைப்பு வந்தது. திரையில் போலீஸ் உடுப்பில் ஒருவர். என் பெயரில் வெளிநாட்டுக்குப் போன பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். என்னை வீட்டுக்குள்ளேயே கைது செய்திருப்பதாகவும், கேமரா முன்னாலிருந்து எழுந்திருக்கக் கூடாது என்றும் சொன்னார். இப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று நம் வகுப்பில் பாடமே நடத்தியிருக்கிறோம். பாடக்குறிப்பை எழுதியவனே நான்தான். அந்த ஆள் ஆங்கிலத்தில் ஓர் அதட்டல் போட்டதும், போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து கைகட்டி உட்கார்ந்தேன். பள்ளியில் காலமெல்லாம் ஆங்கிலம் நடத்தியவனுக்கு 'யெஸ் சார்' தவிர வேறு வாக்கியம் வரவில்லை.

பிறகு தமிழில் விசாரிக்க ஒரு மேடத்திடம் கொடுத்தார். முகம் தெரியவில்லை, குரல் மட்டும். திருத்தமான குரல். ஒரு வாக்கியம் முடிந்ததும் நான் மூச்சுவிட இடம் கொடுத்து, அடுத்ததைத் தொடங்கியது. என் வங்கிக் கணக்கைக் கைப்பேசியில் திறக்கச் சொன்னது. திறந்தேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பரவாயில்ல சார். டோக்கன் குடுத்துட்டு வெளிய வாங்க. வந்து மறுபடி எறங்குங்க."

என் விரல் அப்படியே நின்றுவிட்டது. லாக் அவுட் செய்வதை இப்படிச் சொல்கிறவர்கள் இந்த உலகத்தில் ஒரே ஓர் அறையில்தான் உண்டு. அந்த அறை உன்னுடையது.

மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் மைசூர் மைன்ஸ் பக்கம் உன் வீட்டு முன்னறையில், பெங்களூர் ஆபீஸ் ஒன்று கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை வைத்து நீ வகுப்பு தொடங்கிய புதிது அது. தினமும் ரயிலில் போய்க் கால் சென்டரில் பேசிப் பேசித் தொண்டை கெட்டு, வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாய். "நம்ம புள்ளைங்க அங்க வந்து டீ வாங்கியாறதும் கக்கூஸ் கழுவுறதும்தான் செய்யுதுங்க சார். சேர்ல உக்காரட்டும்" என்றாய். ஆங்கிலத்துக்கு என்னைப் பிடித்துப்போட்டாய். கம்ப்யூட்டர் எனக்கே தெரியாது என்று தயங்கினேன். "அப்ப நீங்களும் ஃபீஸ் கட்டிட்டு உக்காருங்க" என்றாய்.

பிள்ளைகள் லாக் அவுட் செய்யாமலே எழுந்து போய்விடுவார்கள். ஒருத்தி எழுதியதை அடுத்தவன் அழித்துவிடுவான், தினமும் சண்டை. ஒருநாள் நீ மேசையில் தட்டிக் கேட்டாய்.

"யார் யார் தாத்தா மைன்ல இருந்தாரு?"

எல்லாக் கையும் உயர்ந்தது.

"ஷிப்ட் முடிஞ்சு கேஜ் லிப்ட்ல மேல வந்ததும் இன்னா பண்ணுவாரு?"

"டோக்கன் குடுப்பாரு மிஸ்!"

"குடுக்கலன்னா?"

முன்னால் உட்கார்ந்திருந்த கௌதமி சொன்னாள்: "இன்னும் கீழதான் மாட்டிக்கினு கீறாருன்னு அர்த்தம் மிஸ். தேடுவாங்க."

"அவ்ளோதான் லாக் அவுட்டு. இனிமே எவனும் டோக்கன் குடுக்காம எந்திரிக்கக் கூடாது."

இண்டர்வியூவில் இப்படிச் சொன்னால் சிரிப்பார்களே என்று அன்று மாலை உன்னிடம் மெல்லச் சொன்னேன். "சிரிச்சிட்டுப் போவட்டும் சார். மறக்காது இல்ல?" என்றாய்.

மறக்கவில்லை.

கௌதமியை நீ அதிகம் திட்டினாய், அதிகம் நம்பினாய். அவள் அம்மா விடியும் முன்பே ரயிலேறிப் பெங்களூரில் வீட்டு வேலைக்குப் போகிறவர். நீ கண்ணை மூடிய பிறகு ஒரு ஏஜெண்ட் மூலம் வெளிநாட்டில் டேட்டா என்ட்ரி வேலை கிடைத்து, புத்த விகாரையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். "மிஸ் இருந்தா இன்னா ஆட்டம் போட்டிருப்பாங்க சார்!" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் இந்தக் குரலா?

"கௌதமியாம்மா?" என்றேன்.

பேச்சு நின்றது. அவளுக்குப் பின்னால் பல குரல்கள் கேட்டன. ஒவ்வொன்றும் ஒரு மொழியில் யாரையோ கைது செய்துகொண்டிருந்தது. பிறகு அவள் கத்தத் தொடங்கினாள். தொனி முழுக்க மிரட்டல், சொற்களோ வேறு.

"சார், பக்கத்துல நிக்கிறவனுக்குத் தமிழ் தெரியாது! சத்தம்தான் தெரியும்! பயந்த மாதிரியே மூஞ்சிய வெச்சிக்கினு இருங்க! ஒரு பைசா அனுப்பாதீங்க! பாஸ்போர்ட்ட புடுங்கிக்கினாங்க, வெளிய உட மாட்றாங்க! எங்கம்மாகிட்ட சொல்லுங்க! நான் இன்னும் டோக்கன் குடுக்கல சார்! புரியுதா? டோக்கன் குடுக்கல!"

பயந்த முகத்துக்கு நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை. "யெஸ் மேடம்" என்றேன். இணைப்பு போய்விட்டது.

ஒரு வாக்கியம் முடிந்ததும் எதிரில் இருப்பவர் மூச்சுவிட இடம் கொடு என்று அவளுக்குச் சொல்லித் தந்தவன் நான். போனில் நடுங்காதே என்று சொல்லித் தந்தவள் நீ. நாற்காலியில் உட்கார வைத்தோம். எந்த அறையில் போட்ட நாற்காலி என்று பார்க்க நமக்குத் தெரியவில்லையா, அல்லது எனக்கு மட்டும்தான் தெரியவில்லையா? நீ இருந்திருந்தால் அந்த ஏஜெண்டைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டிருப்பாயோ?

அன்று மாலை ரயிலில் வந்து இறங்கிய அவள் அம்மாவிடம் பிளாட்பாரத்திலேயே சொன்னேன். அவர் நம்பவில்லை. "வாரா வாரம் மெசேஜ் வருதே சார், நல்லா கீறேன், வேலை ஜாஸ்தின்னு. நீங்க வயசானவரு, வேற யாரு குரலோ கேட்டிருப்பீங்க." நான் டோக்கன் விஷயத்தைச் சொன்னேன். அவருடைய மாமனார் சுரங்கத்தில் வேலை செய்தவர். வேறு விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை. கையிலிருந்த பையோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நேற்று இருவரும் கோலார் போனோம். போலீஸ் நிலையத்துக்குள் நான் கால்வைத்தது இதுவே முதல் தடவை. அவள் பேசிய ஒவ்வொரு சொல்லையும் வரிசை மாறாமல் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி, "டோக்கன் அந்த்ரே ஏனு சார்?" என்று கேட்டார். டோக்கன் என்றால் என்னவென்று கன்னடத்தில் விளக்கினேன். பேனாவை வைத்துவிட்டு அந்த அம்மாவைப் பார்த்தார். ஆட்களை அடைத்துவைத்து இப்படிப் பேச வைக்கிற இடங்களிலிருந்து சிலர் தூதரகம் வழியாகத் திரும்பியிருக்கிறார்களாம். நாளாகும், உறுதி சொல்ல முடியாது, மறுபடி அழைப்பு வந்தால் துண்டிக்காதீர்கள் என்றார்.

திரும்பும் பஸ்சில் அந்த அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். பங்காருபேட்டை தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"சார், அவ குரலு எப்படி இருந்திச்சி? சாப்ட்ட குரலா இருந்திச்சா?"

அதிகாரி கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருந்தேன். அவள் பேசியதை அவ்வளவு கவனமாகக் கேட்டும் அதை நான் கேட்கவே இல்லை.

"தெரியலம்மா" என்றேன்.

அவர் தலையாட்டினார். கோபம் இல்லை. "அடுத்த வாட்டி பேசினா சாப்ட்டாளான்னு கேளுங்க" என்றார்.

கேட்பேன். அவள் பக்கத்தில் யார் நின்றாலும் முதலில் அதைத்தான் கேட்பேன்.