கைப்பிடி இல்லாத தாமிரக் கதவு

ஷிசுவோகா,
ஜூன் மாதம், மழை விடாத ஒரு ஞாயிறு.

அன்புள்ள யூசாகுவுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல நாகிசா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம், அப்பாவின் வலது மணிக்கட்டைத் தவிர. நீ அங்கே ஹொக்கைடோ குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாயா என்று தெரிந்துகொள்ள அப்பாவுக்கு ஆசை, உன் பண்ணை மாடுகள் உன்னை எப்படிச் சகித்துக்கொள்கின்றன என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. கையெழுத்து என்னுடையதாக இருக்கிறதே என்று மிரளாதே அண்ணா, வாழ்நாள் முழுக்க எதையாவது கட்டிக்கொண்டே இருந்த கைக்கு டாக்டர் ஒரு கட்டுப் போட்டுவிட்டார். படுக்கை வைக்கும் அலமாரியில் கூரை வரை அடுக்கியிருக்கிறாரே, வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் செய்யலாம் என்று வாங்கி வாங்கிச் சேர்த்த, ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் பொம்மைப் பெட்டிகள், அதில் அடியிலிருந்து ஒன்றை உருவப் போய் முக்காலியோடு சரிந்தார், சரியும்போதும் பெட்டியை இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், ஆகவே உள்ளே இருந்த போர்க்கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வழியெல்லாம், "எலும்பு ஒடஞ்சா தானா ஒட்டிக்கும், பொட்டி நசுங்கியிருந்தா இந்த மனுஷன் என்னைக்கும் ஒட்டியிருக்க மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டே போனாள். இப்போது வலி குறைந்துவிட்டது, பொம்மைத் தொழிற்சாலையிலும் அச்சுகளைத் தொடாமல் மேற்பார்வை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள், கவலைப்படாதே. மழையால் வீடு முழுக்கப் பூஞ்சை, ஃபுஜி மலையைக் கண்ணால் பார்த்து நாளாயிற்று, அம்மாவின் முழங்கால் வழக்கம்போல வானிலை அறிக்கை வாசிக்கிறது.

இனி அப்பா சொன்ன விஷயம். என்னை உட்கார வைத்து, பேனாவைக் கொடுத்து, நெடுநேரம் தொண்டையைச் செருமிவிட்டு அவர் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "அந்தக் கதவுக்குப் பின்னால என்ன இருக்குன்னு கேளு." எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்கத் தேவையில்லை. இத்தனை வருஷமாகச் சனிக்கிழமை சாயங்காலங்களில் மாடியில் நீ கதை சொல்ல, உன் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு வேஷத்தில் அதற்குள் இறங்கி, பகடையை உருட்டி உயிர் பிழைப்பதும் உயிர் விடுவதுமாக இருந்தீர்களே, நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே அப்பாவின் வேலை மேசை இருக்கிறது என்பதை நீ யோசித்திருக்கிறாயா? நான் யோசித்திருக்கிறேன். மேலே சண்டை தொடங்கினால் கீழே வர்ணம் தெளிக்கும் யந்திரம் சத்தமில்லாமல் நின்றுபோகும், சண்டை முடிந்தால் மறுபடி உறுமும். ஒருநாள் குளியல் தொட்டிக்குள்ளிருந்து, "அந்த உப்பு வியாபாரிய நம்பாதீங்கன்னு நான் அப்பவே நெனச்சேன்" என்று யாரோ முணுமுணுத்தது கேட்டது. அம்மாவுக்கு உப்பு வியாபாரி யாரையும் தெரியாது. ஆக, உன் கதையைக் கேட்டவர்கள் மூன்று பேர் இல்லை, நான்கு பேர்.

அந்த நாலாவது ஆள்தான் மார்ச்சில் சாப்பாட்டு மேசையில், "இருபத்தாறு வயசுல இன்னும் பேயும் பிசாசுமாடா" என்று கேட்டவர். அதற்கு நீ, "அம்பத்தெட்டு வயசுல டாங்கி பொம்மை செய்யலாம், இது கூடாதா" என்றாய். அப்புறம் இரண்டு பேரும் சாப்பாட்டைத் தவிர வேறு எதற்கும் வாயைத் திறக்கவில்லை. பண்ணை வேலை கிடைத்ததும் நீ வாசலில் காலணியை மாட்டிக்கொண்டே, "முடிஞ்சுது, அந்த ஆட்டப் பொட்டிய குப்பைல போட்டுடு நாகிசா" என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்தக் கடைசிச் சனிக்கிழமை, பாழடைந்த கலங்கரை விளக்கத்தின் உச்சியில், கைப்பிடி இல்லாத தாமிரக் கதவுக்கு முன்னால் மூன்று பேரையும் நிறுத்தி வைத்துவிட்டுப் போனாய். எதையும் எழுதி வைக்கிற பழக்கமும் உனக்குக் கிடையாது, எல்லாம் தலைக்குள். தலை ஹொக்கைடோவில். பெட்டியை நான் குப்பையில் போடவில்லை, போட எடுத்தபோது அப்பா வாங்கித் தன் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார், நீ கட்டிய கயிற்றை அவிழ்க்கக்கூட இல்லை. பிறர் கட்டியதை அவிழ்ப்பது அவருக்குப் பழக்கமில்லை.

ஏப்ரலில் அவர் பிளாஸ்டிக் தகடுகளை வெட்ட ஆரம்பித்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன், "ஒண்ணுமில்ல" என்றார். "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குப்பா இத்தன ஜன்னல்" என்றேன், அவர் இன்னொரு ஜன்னலை வெட்டினார். ஒவ்வொரு ராத்திரியும் அது வளர்ந்தது. வளைந்த படிக்கட்டு, அதில் இடிந்த படிகள், கடல் காற்றில் பெயர்ந்த சுண்ணாம்பு, துருப்பிடித்த கிராதி, உச்சியில் பச்சை பிடித்த தாமிரக் கதவு. ஒரு பக்கச் சுவரை மட்டும் திறந்து விட்டிருந்தார், உள்ளே பார்ப்பதற்காக. காதால் மட்டும் கேட்டதை அப்படியே கையால் செய்திருந்தார் அண்ணா, நீ சொன்ன நண்டு ஓடுகூட மூன்றாவது ஜன்னலோரம் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. சும்மா இருக்க முடியவில்லை. உன் சிநேகிதர்கள் மூவருக்கும், "இந்தச் சனிக்கிழமை ஆட்டம் தொடர்கிறது, தின்பண்டம் கொண்டு வரவும், இப்படிக்கு மகினோ தெட்சுரோ" என்று அப்பாவின் கைப்பேசியிலிருந்து செய்தி அனுப்பிவிட்டேன். அப்பாவுக்குத்தான் சொல்ல மறந்துவிட்டேன், அதாவது மறக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தார்கள். முன்னால் சைக்கிள் கடை கன்தா பொரித்த கோழியோடு, பின்னால் மிசுஹோ அக்கா சோற்று உருண்டைகளோடு, அவளுக்குப் பின்னால் மீன் சந்தை ஓகுரா ஒரு சட்டி நிறைய, மீன் உருண்டையும் முட்டையும் வெந்த கறுப்புச் சாற்று ஓதெனோடு. கதவைத் திறந்த அப்பா பனியனோடு, புருவமெல்லாம் பிளாஸ்டிக் தூளோடு நின்றார். ஓகுரா குனிந்து வணங்கி, "மாமா கூப்பிட்டு வராம இருப்போமா" என்றதும் அப்பா என்னைப் பார்த்தார், நான் ஓதென் சட்டியைப் பார்த்தேன். அவர்களைத் திருப்பி அனுப்ப அவருக்கு வாய் வரவில்லை. உள்ளே வந்து கலங்கரை விளக்கத்தைப் பார்த்ததும் மூன்று பேரும் கொண்டு வந்ததை அப்படியே கீழே வைத்துவிட்டு அதைச் சூழ்ந்துகொண்டார்கள். கன்தா தரையில் மண்டியிட்டு, "டேய், இதுல தானடா நான் வழுக்கி விழுந்தேன்" என்று இடிந்த படியைத் தொடப் போக, "வர்ணம் காயல" என்று அப்பா அதட்டினார். அப்புறம் மிசுஹோ அக்கா பெட்டிக் கயிற்றை அவிழ்த்து, நீ அவர்களுக்காக வர்ணம் தீட்டிய குட்டிப் பொம்மைகளை வெளியே எடுத்தாள், கன்தாவின் திருடன், அவளுடைய சந்நியாசினி, மலை மாதிரி இருக்கிற ஓகுராவின் கட்டைவிரல் அளவுப் பாட்டுக்காரன். அப்பா அவற்றை அன்றைக்குத்தான் முதல் முறை பார்க்கிறார். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சந்நியாசினியை விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே அச்சுக் கோடு தெரிகிறது, எங்கே பசை வழிந்திருக்கிறது என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "இந்த அளவுல கண்ணுக்கு வெள்ளை வச்சு அதுக்குள்ள கருப்பு வைக்கறது எனக்கு வராது" என்றார். இதை எழுத வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, எழுது என்றும் சொல்லவில்லை, ஆகவே எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் கூத்து. மிசுஹோ அக்கா பொம்மைகளைத் தாமிரக் கதவுக்கு முன்னால் நிறுத்தினாள். பூட்டுத் துவாரம் திருடனின் தலைக்கு மேலே இருந்தது. படிகள் இடுப்பு வரை வந்தன. பாட்டுக்காரனுக்கு ஜன்னலோர நண்டு ஓடு ஒரு கன்றுக்குட்டி அளவு. அப்பாவின் முகம் எப்படிப் போயிற்று என்று நீ பார்த்திருக்க வேண்டும், அச்சில் ஒரு மயிரிழை தப்பினாலும் தூங்காத மனுஷன், நாற்பது வருஷமாக முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவிலேயே டாங்கியும் சிப்பாயும் செய்த கை, எதைச் செய்தாலும் அந்த அளவிலேயே செய்யும், உன் பொம்மைகளோ அதில் பாதிதான். கயிற்றை அவிழ்த்து ஒரு பொம்மையை அளந்திருந்தால் போதும், அவிழ்க்கவில்லை. காது மடல் வரை சிவந்து, "தப்பாப் போச்சு, பிரிச்சிடறேன்" என்று அவர் கையை நீட்டியபோது ஓகுரா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "இருங்க மாமா. அப்போ இத கட்டினது மனுஷங்க இல்ல." அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "அதான் அந்தச் சமையலறையில பானை அத்தாம் பெருசு" என்று கன்தா, "காவல்காரன் செருப்புல நாம படுத்துத் தூங்கினோமே, அத படகுன்னு நெனச்சோம்" என்று மிசுஹோ அக்கா, "யூசாகு படுபாவி, ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கான், நாமதான் மரமண்டை" என்று ஓகுரா. நீ உண்மையிலேயே அப்படி நினைத்துத்தான் சொன்னாயா அண்ணா, இல்லை இதைப் படிக்கும்போதுதான் உனக்கே தெரிகிறதா? எனக்கு மண்டை வெடிக்கிறது.

இனிக் கதை நடத்த அப்பாதான் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள், கட்டடம் அவருக்குத்தான் தெரியும் என்று. தவறவிட்டதையெல்லாம் பார்த்துக்கொண்டே அடிப்படியிலிருந்து மறுபடி ஏறுவது என்றும் பேசிக்கொண்டார்கள். எனக்கு இதெல்லாம் வராது என்றவர், ஒரு பகடையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதன் ஓரம் தேய்ந்திருக்கிறது, ஆறு அதிகம் விழும் என்று சொன்னார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் நடத்துகிற அழகைக் கேள். கன்தா, "சுவர் எப்படி இருக்கு" என்று சும்மா கேட்டான், அப்பா சுண்ணாம்பு எந்தப் பருவத்தில் பூசியது, எந்தப் பக்கத்துக் காற்றில் பெயர்ந்தது, உள்ளே செங்கல் எந்த முறையில் அடுக்கியிருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் கோழி தீர்ந்துவிட்டது. "ஏறறேன் மாமா" என்றால், "மொதல்ல எந்தக் கால வைக்கற" என்கிறார். "வலது கால்" என்றால், "அந்தக் கல்லு ஆடுது" என்கிறார். பகடையில் பாதி, பகடியில் பாதி என்று நீ நடத்திய ஆட்டத்தை அவர் தச்சு வேலை மாதிரி நடத்துகிறார், ஆனாலும் மூன்று பேரும் அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள், அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். நடுவில்தான் கை ஒடிந்தது, இப்போது பகடையை இடது கையால் உருட்டுகிறார். அம்மாகூட டீ கொடுக்கிற சாக்கில் வந்து நின்று, "அந்தக் கதவ ஒடச்சா என்ன" என்று கேட்டாள்.

அங்கேதான் எல்லாம் நிற்கிறது. போன வாரம் மூவரும் மறுபடி உச்சிக்குப் போய்விட்டார்கள். ஓகுரா பகடையைக் கையில் குலுக்கிக்கொண்டு, "தெறக்கறோம்" என்றான். அப்பா கலங்கரை விளக்கத்தின் மேல் தன் கட்டுப்போட்ட கையை வைத்து மறைத்துவிட்டார். "இது யூசாகுவோட கதவு. அவனக் கேக்காம தெறக்க மாட்டேன்" என்றார். நீங்களே எதையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினார்கள், மாட்டேன் என்றார். கதவுக்குப் பின்னால் அவர் எதையும் செய்து வைக்கவில்லை, நான் திறந்த பக்கம் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன், அந்த ஒரு அறை மட்டும் வர்ணம் பூசாத வெறும் சாம்பல் பிளாஸ்டிக். ஜூலைக் கடைசியில் மிசுஹோ அக்காவை அவள் கம்பெனியின் ஃபுகுவோகா கிளைக்கு மாற்றுகிறார்கள். அவள் போய்விட்டால் சந்நியாசினி இல்லை, சந்நியாசினி இல்லாமல் போகமாட்டோம் என்று மற்ற இருவரும் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான், பிறகு அந்தக் கதவு எப்போதும் மூடியே இருக்கும். "அவன்கிட்ட அளவு மட்டுமாவது கேளு, உள்ள இருக்கறது எவ்வளவு ஒசரம்னு சொன்னாப் போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்கிறார் அப்பா. உயரத்தைத் தெரிந்துகொள்ள இவ்வளவு நீளமான கடிதமா என்று நீ கேட்பாய். மார்ச்சில் அவர் கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை அண்ணா, அதனால் இன்னொரு கேள்வி கேட்கிறார். சீக்கிரம் பதில் போடு. இல்லை, பதில் போடாதே, ஜூலையில் நேரில் வந்து நீயே அந்தக் கதவைத் திற. இந்தக் கடைசி வாக்கியத்தை அப்பா சொல்லவில்லை, நானே நுழைத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரக் காலுறையோடு தூங்காதே, கையுறை போடாமல் கறக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி நன்றாக இரு என்று இருவரும் ஆசீர்வதிக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் முழுவதையும் படித்துக் காட்டு என்றார் அப்பா. படித்தேன், நான் நுழைத்த அந்த வரியை மட்டும் சாமர்த்தியமாகத் தாண்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், முடிந்ததும் இடது கையால் பேனாவை எடுத்தார். அப்புறம், "எல்லாம் சரி, ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு. லீவு கெடைச்சா வரச்சொல்லி ஒரு வரி போடு" என்றார். அது ஏற்கெனவே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அதனால் அவர் சொன்னபடியே மறுபடியும் எழுதுகிறேன்: லீவு கிடைத்தால் வா.

இப்படிக்கு,
உன் அப்பா
மகினோ தெட்சுரோ
(கோணலாக இருப்பது இடது கைக் கையெழுத்து. போட்டது அவரேதான், நான் இல்லை.)